பிள்ளையைத் திரும்ப அழைப்பதா?

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒரு மாலை, செம்பரம்பாக்கத்திலுள்ள அங்கத்தினர் ஒருவரின் இல்லத்திற்கு நாம் சென்றிருந்தோம். அவர் நோயுற்றிருக்கிறார் என்று கேள்விப்பட்டு விசாரித்து வரவே சென்றோம். சென்ற இடத்தில் நமக்கு ஒரு வேலை காத்திருந்தது. வீட்டு அம்மையார் ஒரு கைபேசியை நம்மிடம் நீட்டி, "ஐயா, எழுத்து வேலை தெரிந்தவர்கள் நீங்கள். பையன் உடனே புறப்பட்டு வந்துவிட வேண்டும் என்று நாலு வரி எழுதிக் கொடுங்கள். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை; எழுதக் கையும் வரவில்லை" என்றார்.

அந்த நாலு வரியை அன்று நாம் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்பதையும், பின்னர் என்ன எழுதினோம் என்பதையும் அங்கத்தினர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். பூவிருந்தவல்லி, குன்றத்தூர் வட்டாரங்களில் இன்று இது ஒரு குடும்பத்தின் கவலையாக மட்டும் நிற்கவில்லை. தறிக்காரர் வீட்டிலும் சம்சாரி வீட்டிலும் வெளிநாட்டுக்குப் படிக்கச் சென்ற பிள்ளைகள் இருக்கிறார்கள். இங்கே பெரியவர் ஒருவர் படுக்கையில் விழுந்தால், அங்கே படிப்பு ஆட்டம் காண்கிறது.

குடும்பத்தின் நிலைமையைச் சற்று விவரமாகக் கூறுவோம். அங்கத்தினருக்கு ஏரிக்கரைக்குக் கீழே மூன்று ஏக்கர் நஞ்சை. செம்பரம்பாக்கம் ஏரி ஆதியில் வயல்களுக்காக அமைந்தது. இன்று அதன் முதற் கடமை சென்னை நகரத்தின் தாகத்தைத் தீர்ப்பது. 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் உடைய அதன் நீர், 2007-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பெரிய சுத்திகரிப்பு நிலையத்தின் வழியாக நகரத்துக் குழாய்களுக்குச் செல்கிறது. வயல்கள் பல மனைகளாயின. நெடுஞ்சாலையை ஒட்டிய நிலங்கள் பல தொழிற்சாலைகளாயின. எஞ்சியிருக்கும் நஞ்சையில், மதகு நீரும் கிணற்று நீருமாகச் சேர்த்துச் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று இன்னும் பயிர் வைப்பவர்களில் நமது அங்கத்தினரும் ஒருவர். அவருடைய துணைவியார் குன்றத்தூர்ப் பக்கத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். ஆகவே அந்த வீட்டில் நெல்லும் நூலும் சம்பந்தம் செய்துகொண்டவை என்று நாம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

ஒரே மகன். இங்கே பொறியியல் பட்டம் பெற்று, ஜெர்மனி தேசத்தில் மேற்படிப்புக்குச் சென்று ஒரு வருஷம் முடிந்திருந்தது. அந்நாட்டின் அரசாங்கப் பல்கலைக் கழகங்களில் பெரும்பாலானவை போதனைக் கட்டணம் வாங்குவதில்லை என்பது உண்மையே. ஆனால் ஒரு வருஷத்துச் சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் வேண்டிய பணத்தை முன்னதாகவே ஒரு கணக்கில் கட்டி வைத்தாலன்றி அனுமதிச் சீட்டுக் கிடையாது. 2024 செப்டம்பர் முதல் அத்தொகை 11,904 யூரோ. மூன்று ஏக்கர் சம்சாரிக்கு இது எத்தனை பெரிய தொகை என்று விளக்க வேண்டியதில்லை. வங்கியில் கல்விக் கடன் வாங்கினார்கள். ஏழரை லட்ச ரூபாய்க்கு மேற்பட்டதால் ஈடு கேட்டார்கள். மூன்று ஏக்கரில் ஒரு பகுதியின் பத்திரம் வங்கிக்குப் போயிற்று.

இந்த நிலையில்தான் அங்கத்தினருக்குப் பக்கவாதம் கண்டது. சம்பா நடவு முடிந்து இரண்டாம் களை எடுக்கும் சமயம். இடது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சுக் குழறியது. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவர் திண்ணையை ஒட்டிய அறையில் கட்டிலில் கிடந்தார். உறவினர் கூடினர். பையனின் தாய்மாமன், தறியை நிறுத்திவிட்டு வந்தவர், முதலிலேயே தீர்ப்புக் கூறிவிட்டார்: "அக்கா, ஒரு பிள்ளை பெற்று அதையும் கடல் கடந்து அனுப்பிவிட்டு, அத்தானை யார் தூக்கி உட்கார வைப்பது? படிப்பு எங்கே ஓடிப் போகிறது? தம்பியைக் கூப்பிடு." அம்மையார் ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பங்கரைக்கும் கட்டிலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். படுத்திருந்தவரை மாத்திரம் எவரும் ஒன்றும் கேட்கவில்லை.

"நாளைக் காலையில் எழுதித் தருகிறோம்" என்று சொல்லி விட்டு வந்தோம். அன்றிரவு நமது நினைவு வங்காளத்துக்குச் சென்றது.

பிள்ளையைப் பாதியில் திரும்ப அழைத்த தந்தைமாரில் பேர்பெற்றவர் தேவேந்திரநாத தாகூர். அவருடைய புதல்வர் ரவீந்திரநாதர் 1878-ஆம் ஆண்டில், பதினேழு வயதில், தமையனார் சத்தியேந்திரநாதருடன் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். பாரிஸ்டர் பட்டம் பெற்றுத் திரும்ப வேண்டும் என்பது வீட்டாரின் உத்தேசம். முதலில் பிரைட்டனில் ஒரு பள்ளியிலும், பின்னர் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜிலும் சேர்ந்தார். அங்கே ஹென்றி மார்லி என்னும் பேராசிரியரின் இலக்கிய வகுப்பில் அவருக்கு மனம் லயித்தது. ஊருக்கு எழுதிய கடிதங்கள் குடும்பத்தாரின் 'பாரதி' பத்திரிகையில் வெளியாயின. மேனாட்டுப் பெண்கள் ஆடவருடன் சரிசமமாகப் பழகும் சுதந்திரத்தை அவற்றில் அவர் புகழ்ந்து எழுதியது வீட்டாருக்குக் கலக்கம் தந்தது என்று சரித்திரம் எழுதியோர் கூறுவதுண்டு. எப்படியாயினும், 1880-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தந்தையார் திரும்பி வருமாறு பணித்தார். தமையனாரின் விடுமுறையும் முடிந்திருந்தது. பட்டம் ஒன்றும் பெறாமல் மகன் வந்து சேர்ந்தார்.

இதற்குப் பின் நடந்ததில் நமது சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. மறு வருஷம், 1881-இல், சட்டம் படிக்கவென்று அவரை மீண்டும் சீமைக்கு அனுப்பினார்கள். உடன் சென்றவர் தமக்கை மகனான சத்தியப்பிரசாதர். கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட கப்பல் சென்னைக்கு வந்தது. நமது துறைமுகம் அப்போது கட்டி முடியாத காலம். சத்தியப்பிரசாதர் அதற்குமேல் பிரயாணம் செய்ய மாட்டாதவராகி, சென்னையிலிருந்தே ஊர் திரும்ப விரும்பினார். ரவீந்திரநாதரும் அவரோடு திரும்பிவிட்டார். ஆக, அவருடைய பாரிஸ்டர் படிப்பு முடிந்துபோன இடம் நமது சென்னை. தந்தையார் அப்பொழுது முசூரி மலையில் இருந்தார். கோபித்துக்கொள்வார் என்று அஞ்சியபடியே மகன் அவரிடம் சென்றார். பெரியவர் ஒரு கடுஞ்சொல்லும் கூறவில்லையாம்.

இதைக்கொண்டு, பிள்ளைகளைப் பாதியில் அழைத்தால் அவர்கள் மகாகவி ஆவார்கள் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். அது ஜமீன்தார் வீடு. பட்டமின்றித் திரும்பியவருக்குச் சோற்றுக் கவலை இல்லை. ஈடு வைத்த நிலம் இல்லை. நாம் இதைச் சொல்ல வந்ததன் காரணம் வேறு. அழைக்கப்பட்ட அந்த மகன் பின்னாளில் தாமே தந்தையாகி, தம் மகனைக் கடல் கடந்து அனுப்பினார். அப்போது அவர் என்ன செய்தார் என்பதே நமக்கு வேண்டியது.

ரவீந்திரநாதரின் மூத்த புதல்வர் ரதீந்திரநாதர், 1888-இல் பிறந்தவர். சாந்திநிகேதனத்தில் 1901-ஆம் ஆண்டு தொடங்கிய பள்ளியின் முதல் மாணாக்கருள் ஒருவர். அக்காலத்து வங்காளத்துப் பெரிய வீடுகளில் பிள்ளைகளைச் சீமைக்கு அனுப்பினால், ஒன்று சட்டத்திற்கு, அல்லது சிவில் சர்வீஸுக்கு. ரவீந்திரநாதர் 1906-ஆம் ஆண்டில் தம் மகனையும், நண்பர் மகனான சந்தோஷ் சந்திர மஜும்தாரையும் அமெரிக்காவில் இல்லினாய்ஸ் பல்கலைக் கழகத்திற்கு அனுப்பினார். படிக்கச் சொன்னது விவசாயம். பின்னர் மருமகன் நாகேந்திரநாதரும் அங்கே அதே படிப்புக்குச் சென்றார். ஷிலைதா, பதிசர் முதலிய கிராமங்களில் 1890 தொட்டுக் குடும்பத்து நிலங்களை மேற்பார்த்து வந்த கவி, குடியானவர்களின் வறுமையை நேரிற் கண்டவர். பஞ்சத்தில் வாடும் குடியானவனின் சோற்றைக்கொண்டு நீங்கள் அங்கே படிக்கிறீர்கள், திரும்பி வந்து அச்சோற்றில் ஒரு பங்கையேனும் அவனுக்குப் பெருக்கித் தர வேண்டும் என்னும் கருத்துப்பட மருமகனுக்குக் கடிதம் எழுதினார்.

இனி வருவதைச் சற்றுப் பொறுமையுடன் கேட்க வேண்டுகிறோம். 1902-இல் அவருடைய மனைவியார் மிருணாளினி தேவி காலமானார். மறு வருஷம் மகள் ரேணுகா. 1905-இல் தந்தையார். மூத்த மகன் அமெரிக்காவில் இருந்தபோது, 1907 நவம்பரில், இளைய மகன் சமீந்திரன் பதினோராம் பிராயத்தில், மோங்கீரில், வாந்திபேதி கண்டு இறந்தான். ஐந்தே வருஷங்களில் வீடு காலியாயிற்று. எஞ்சிய ஒரு மகன் பூமியின் மறுபக்கத்தில். எவர் அழைத்திருந்தாலும் அன்று குறை கூறுவார் இல்லை. ஆயினும் ரதீந்திரர் படிப்பை நிறுத்தவில்லை. 1909-இல் விவசாயத்தில் பட்டம் பெற்ற பின்னரே ஊர் திரும்பினார்.

பாதியில் அழைக்கப்பட்ட தந்தை, தம் மகனைப் பாதியில் அழைக்கவில்லை. அவர் மனத்தில் என்ன இருந்தது என்பதை நாம் ஊகித்துச் சொல்லப் போவதில்லை. ஆனால் செம்பரம்பாக்கத்து வீட்டில் அந்தக் கைபேசியைக் கையில் வாங்கியபோது நமது விரலைத் தடுத்தது இந்த 1907-ஆம் வருஷந்தான்.

கதை இவ்வளவோடு முடிந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். ஊர் திரும்பிய ரதீந்திரர் ஷிலைதாவில் குடியேறினார். அமெரிக்காவிலிருந்து மக்காச்சோளம், குதிரைமசால் முதலியவற்றின் விதைகளைத் தருவித்தார். நமது மண்ணுக்கு ஏற்ற உழுகருவிகளைச் செய்வித்தார். மண்ணைச் சோதிக்க ஒரு சிறு பரிசோதனைச் சாலையும் வைத்தார். 1910-இல் பிரதிமா தேவியாரை மணந்தார். விதவா விவாகம் அக்குடும்பத்தில் அதுவே முதல் முறை. வேலை சூடு பிடிக்கும் சமயத்தில் தந்தையாரிடமிருந்து அழைப்பு வந்தது: சாந்திநிகேதனத்துப் பள்ளிக்கு உதவி வேண்டும், புறப்பட்டு வா. பண்ணையை விட்டு மகன் சென்றார். 1912-இல் தந்தையாருடன் இங்கிலாந்து போனார். கீதாஞ்சலியின் ஆங்கிலக் கையெழுத்துப் பிரதி இருந்த பையை லண்டன் சுரங்க ரயிலில் தவறவிட்டு, இழந்த பொருள் காப்பகத்தில் மறுபடி பெற்றவர் இவரே. அங்கிருந்து இருவரும் இல்லினாய்ஸ் சென்றனர். மகன் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சியைத் தொடங்க வேண்டும் என்பது யோசனை. சில மாதங்களில் தந்தையார் ஊர் ஊராகச் செல்ல வேண்டியதாயிற்று. 1913-இல் லண்டனுக்குத் திரும்பினார்கள். ஆராய்ச்சி முற்றுப்பெறவில்லை. அவ்வருஷமே கவிக்கு நோபல் பரிசு வந்தது.

அதற்குப்பின் ரதீந்திரரின் வாழ்நாள் பெரும்பாலும் தந்தையாரின் ஸ்தாபனங்களுக்கே சென்றது. விசுவபாரதியின் நிர்வாகம் அவர் தோளில் இருந்தது. 1951-இல் அது மத்தியப் பல்கலைக் கழகமானபோது முதல் துணைவேந்தரானார். இரண்டு வருஷத்தில் விலகினார். 1961-இல் டேராடூனில் காலமானார். மரவேலையில் அவர் கை நேர்த்தியானது என்பர். தந்தை நோயுற்று அழைப்பது ஒரு வகை. தந்தை நல்ல தேக சுகத்துடன், தம் லட்சியத்துக்காக மகனை அழைத்துக்கொண்டே இருப்பது மற்றொரு வகை. இரண்டாவது வகையைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. மகனுக்கு எது உசிதமாக இருந்திருக்கும் என்று தீர்ப்புச் சொல்ல நமக்குத் தகுதி இல்லை. ஷிலைதாவின் மக்காச்சோளம் என்னவாயிற்று என்ற ஏக்கம் மாத்திரம் நமக்கு உண்டு.

கூட்டுறவாளர் என்ற முறையில் ஒரு வார்த்தையை இங்கே சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. பதிசரில் குடியானவர்களை லேவாதேவிக்காரர்களிடமிருந்து மீட்க ரவீந்திரநாதர் 1905-ஆம் ஆண்டிலேயே ஒரு விவசாய வங்கியைத் தொடங்கியிருந்தார். நோபல் பரிசுப் பணமாகிய லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட தொகையை அதில் முதலீடு செய்தார். வட்டி பள்ளிக்கு, முதல் உழவர் கடனுக்கு. பிற்காலத்தில் கொடுத்த கடன்கள் வசூலாகாமல் வங்கி நொடித்தது, முதலும் போயிற்று. வசூலைப் பற்றிச் செயலாளர்கள் நச்சரிக்கிறார்கள் என்று மனம் நோகும் அங்கத்தினர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். 1922-இல் சுருல் கிராமத்தில் ஏற்பட்ட ஸ்ரீநிகேதனத்தில் விவசாயத்தோடு நெசவும் தோல் வேலையும் கற்பிக்கப்பட்டன. அதைத் தொடங்கி நடத்திய லெனார்டு எல்ம்ஹர்ஸ்ட் என்னும் ஆங்கிலேய இளைஞர், அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக் கழகத்தில் விவசாயம் படித்தவர்.

அழைப்புக்கு இணங்கித் திரும்பி, திரும்பியதால் உயர்ந்தவர்களும் இருக்கிறார்கள். 1966 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தில் படித்துக்கொண்டிருந்த அசீம் பிரேம்ஜிக்கு வயது இருபத்தொன்று. தந்தையார் மாரடைப்பால் இறந்தார் என்று தாயாரிடமிருந்து செய்தி வந்தது. மகாராஷ்டிரத்தில் அமால்நேர் என்னும் ஊரில் இருந்த வனஸ்பதி ஆலை, தலைவனின்றி நின்றது. படிப்பை விட்டு வந்து பொறுப்பேற்றார். பங்குதாரர் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, அனுபவமில்லாத சிறுவனாகிய நீ உன் பங்குகளை விற்றுவிட்டுப் போவதே நலம் என்ற பொருளில் பேசினாராம். அதைக் கேட்டபின் எப்படியும் நடத்திக் காட்டுவது என்று உறுதி கொண்டதாக அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். அந்த ஆலைதான் பிறகு விப்ரோ என்று பெயர் மாறி, கணிப்பொறித் தொழிலில் இறங்கியது. விட்டுப்போன பட்டத்தை ஏறக்குறைய முப்பது வருஷங்களுக்குப் பின் தபால் வழியே படித்து முடித்தார். ஆனால் அவருக்காகக் காத்திருந்தது ஓர் ஆலை. நமது அங்கத்தினரின் மகனுக்காகக் காத்திருந்தது மூன்று ஏக்கர், அதிலும் ஒரு பகுதி ஈட்டில்.

வீட்டார் அழையாமலே, காலம் அழைத்த சம்பவங்களும் உண்டு. 2022-ஆம் ஆண்டு உக்ரைன் யுத்தத்தில் வைத்தியம் படித்துக்கொண்டிருந்த நமது நாட்டுப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில், 'ஆபரேஷன் கங்கா' என்னும் ஏற்பாட்டின் கீழ் விமானங்களில் கொண்டுவரப்பட்டனர். அவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் பலர். உயிர் தப்பி வந்ததே பெரிது என்று மகிழ்ந்த பெற்றோர், சில மாதங்களில் பாதிப் படிப்பை எங்கே முடிப்பது என்று நீதிமன்றம் வரை அலைந்ததை நாம் அறிவோம்.

மறுநாள் காலை செம்பரம்பாக்கத்துக்குச் செல்லும் முன், விஷயம் தெரிந்த இரண்டொருவரிடம் சில தகவல்களைக் கேட்டுக்கொண்டோம். அங்கத்தினர்களுக்கும் இவை பயன்படும்.

படிப்பு நின்றால் கடன் நிற்பதில்லை. வங்கிகளின் பொதுவான திட்டப்படி, படிக்கும் காலமும் அதன்பின் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்தக் காலத்துக்கும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். பாதியில் நிறுத்தித் திரும்பியவனிடம், சம்பாத்தியத்துக்கு வழி செய்யும் பட்டமும் இராது, தவணைக்குச் சொல்லச் சாக்கும் இராது. படிப்பைக் கைவிடுவது ஒன்று, விடுப்பு எடுப்பது ஒன்று. வீட்டார் 'வந்துவிடு' என்று சொல்லும்போது இந்த வித்தியாசத்தை எண்ணுவதில்லை. ஜெர்மனியில், பெற்றோரைப் பராமரிப்பது போன்ற தக்க காரணம் காட்டினால் ஒரு பருவம் விடுப்புக் கேட்க இடம் உண்டு. ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் அந்நாட்டுக்கு வெளியே தங்கினால், முன் அனுமதி இல்லாதவிடத்து, வசிக்கும் உரிமையே போய்விடும். இங்கிலாந்தில் மாணாக்கன் படிப்பை நிறுத்தினால் கல்லூரியே அரசாங்கத்துக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டது. அனுமதிக் காலம் குறைக்கப்படும். அமெரிக்காவிலும் ஐந்து மாதத்துக்கு மேல் படிப்பிலிருந்து விலகி வெளியே இருந்தால் பழைய அனுமதியைக்கொண்டு திரும்புவது கடினம். ஆகவே பையன் விமானம் ஏறுவதற்கு முன்னால், அங்குள்ள வெளிநாட்டு மாணாக்கர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டேயாக வேண்டும். கேட்காமல் வந்தவன் வந்தவன்தான்.

இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு சென்றோம். முதலில் கட்டிலருகே அமர்ந்தோம். "பையன் வர வேண்டும் என்று எழுதச் சொல்கிறார்கள். உங்கள் அபிப்பிராயம் என்ன?" என்று அங்கத்தினரையே கேட்டோம். மூன்று நாட்களாக அவரை எவரும் கேட்காத கேள்வி அது. வெகு நேரம் அவர் பேச முயன்றார். குழறிய சொற்களில் அம்மையார் புரிந்துகொண்டு நமக்குச் சொன்னது இவ்வளவே: வயலை யாராவது பார்த்துக்கொண்டால் போதும், பையனை ஒரு தடவை பார்க்க வேண்டும், பார்த்தபின் போகட்டும்.

அழைப்பதா, வேண்டாமா என்று வீடு முழுவதும் இரண்டாய்ப் பிரிந்து நிற்க, நோயாளி கேட்டது மூன்றாவது ஒன்று. கூடமாட வேலை செய்ய ஆள் வேண்டும் என்பது ஒரு தேவை; பிள்ளை முகம் பார்க்க வேண்டும் என்பது வேறொரு தேவை. இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டி, பையனின் கழுத்தில் மாட்ட நாம் எல்லோரும் தயாராக இருந்தோம்.

ஆனால் தாய்மாமனை நாம் குறை கூற மாட்டோம். அவர் சொன்ன ஒரு விஷயத்துக்கு நம்மிடம் பதில் இல்லை. அவருடைய உறவில் ஒரு நெசவாளர், சில வருஷங்களுக்கு முன், பையன் பரீட்சை முடியட்டும் என்று தம் வியாதியை மறைத்து வைத்தார். பரீட்சை முடிந்தது. அடுத்த வாரம் அவர் இறந்தார். வந்து சேர்ந்த மகன் கேட்ட முதற் கேள்வி, 'எனக்கு ஏன் சொல்லவில்லை' என்பது. அந்தக் கேள்வியை அவன் இன்றும் தாயாரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்றார் மாமன். நாம் மௌனமாக இருந்தோம்.

பிறகு அம்மையாரின் கைபேசியில் நாம் எழுதியது நாலு வரி அல்ல, ஏறக்குறைய ஒரு பக்கம். அப்பாவுக்கு என்ன நேர்ந்தது, வைத்தியர் என்ன சொன்னார், எந்தக் கை, எந்தக் கால், எவ்வளவு பேசுகிறார், கையில் எவ்வளவு பணம் இருக்கிறது, பயிர் எந்த நிலையில் நிற்கிறது என்று ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதினோம். 'அப்பா உன்னைப் பார்க்க விரும்புகிறார். படிப்பை விடும்படி அவர் சொல்லவில்லை. எப்போது வர முடியும் என்பதை நீயே யோசித்துச் சொல்' என்று முடித்தோம். அம்மையார் முழுவதையும் படிக்கச் சொல்லிக் கேட்டார். 'சாப்பாட்டைக் கவனித்துக்கொள்' என்று கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். அதையும் சேர்த்தோம்.

பையன் அன்று மாலையே பேசினான். அழுதான் என்று அம்மையார் சொன்னார். உடனே புறப்படுகிறேன் என்று முதலில் சொன்னவன், இரண்டு நாள் கழித்து, கிறிஸ்துமஸ் விடுமுறையில் இரண்டு வாரம் வர இடமுண்டு, மாசி மாதத்தில் பரீட்சை, பரீட்சைக்குப் பின் தேவைப்பட்டால் ஒரு பருவம் விடுப்புக் கேட்கலாம் என்று கல்லூரியில் விசாரித்துச் சொன்னான். விமானக் கட்டணத்துக்கு அம்மையார் தமது சங்கிலியைச் சங்கத்தில் வைத்து நகைக் கடன் பெற்றார்.

வயலைப் பொறுத்தவரை, பக்கத்து நிலத்துக்காரர் ஐவர் பொறுப்பேற்றனர். தண்ணீர் கட்டுவது ஒருவர், உரமும் மருந்தும் ஒருவர், ஆள் அமர்த்துவது ஒருவர் என்று பிரித்துக்கொண்டனர். ஏட்டில் எழுதிய திட்டம் போல் எல்லாம் நடந்துவிடவில்லை. கார்த்திகை மழையில் ஒவ்வொருவர் வயலிலும் நீர் தேங்கி நிற்க, இவருடைய வயலின் வடிகால் மூன்று நாள் கழித்தே வெட்டப்பட்டது. மேலுரம் இடுவதும் தாமதித்தது. உரத்தை ஏற்றவர் தம்முடைய குற்றமே என்று ஒப்புக்கொண்டார். கூட்டுறவில் ஐந்து பேர் பொறுப்பு என்றால் சில சமயம் ஒருவரும் பொறுப்பில்லை என்று ஆகிவிடுகிறது; இதை நாம் மறைக்கவில்லை. பயிர்க் கடனைக் கெடுவுக்குள் கட்டினால் வட்டி இல்லை, தவறினால் சலுகை போய்விடும் என்பது அங்கத்தினர்கள் அறிந்ததே. நோயின் நடுவில் அந்தத் தேதியை எவரும் மறந்துவிடாதிருக்கச் சங்க எழுத்தர் தம் மேசையில் ஒரு சீட்டு ஒட்டி வைத்தார். இது சிறிய உதவிதான். அவர் செய்தார்.

மார்கழியில் பையன் வந்தான். பன்னிரண்டு நாள் இருந்தான். தந்தையைத் தோளில் சாய்த்துத் திண்ணைக்கும், பின்னர் தெருக்கோடிக்கும் நடத்திச் சென்றான். ஒரு நாள் மோட்டார் சைக்கிளில் முன்னால் மாமன் அமர, நடுவில் தந்தையை வைத்துப் பின்னால் தான் பிடித்துக்கொண்டு ஏரிக்கரை வரை போனார்களாம். சட்டப்படி அது தவறு. கண்டிக்க நமக்கு மனம் வரவில்லை. கரையின் மேலிருந்து பெரியவர் தம் வயலைப் பார்த்தார். கதிர் முற்றும் தருணம். வடிகால் தாமதித்த மூலை மாத்திரம் மஞ்சளாகத் தெரிந்தது. அவர் அந்த மூலையையே காட்டிக் காட்டி ஏதோ சொன்னார் என்று பையன் நம்மிடம் கூறினான்.

விடுப்புப் பருவம் எடுப்பதா என்று பையன் போகும்வரை தீர்மானிக்கவில்லை. "மாமா கோபமாக இருக்கிறார்" என்றான். உண்மைதான், மாமன் விமான நிலையத்துக்கு வரவில்லை. ஆனால் அன்று முதல் வாரத்தில் இரண்டு நாள், தறி வேலை முடிந்ததும் குன்றத்தூரிலிருந்து வந்து அத்தானுக்குக் கைகால் பயிற்சி செய்து வைப்பவர் அவரே.

தை மாதம் அறுவடை. சென்ற வருஷத்தைவிட ஏக்கருக்கு நாலு மூட்டை குறைவு. பயிர்க் கடன் கெடு நாளுக்குள் கட்டப்பட்டது. மாசியில் பரீட்சை முடிந்து, விடுப்பு வேண்டாம், ஆவணியில் படிப்பையே முடித்துக்கொண்டு வருகிறேன் என்று பையனிடமிருந்து செய்தி வந்தது. பெரியவர் இப்போது கோலூன்றி நடக்கிறார். இடது கை இன்னும் வரவில்லை. சென்ற வாரம் சங்கத்துக்கு வந்து, சொர்ணவாரிக்கு விதை நெல் வேண்டும் என்று பதிவு செய்துகொண்டார். எவ்வளவு என்று எழுத்தர் கேட்டதற்கு, மூன்று ஏக்கருக்கும் என்று வலது கை விரல்களைக் காட்டினார்.